வாரேன், இருங்க

எனக்குப் பூக்கள்மேல் பெரிய ஆசை கிடையாது. ஆர்க்கிட் வளர்ப்பவன் என்றால் வீடு நிறையத் தொட்டிகள் இருக்கும் என்று நினைக்கிறார்கள். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு துளசிச் செடிகூட இருந்ததில்லை. என் வேலை பாட்டிலுக்குள் இருக்கும் செடியோடு. அது பூக்கும் காலத்தில் வேறு யாருடைய தோட்டத்திலோ இருக்கும்.

இன்ஸ்பெக்டர் சார், இரண்டு வருடங்களுக்கு முன் நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதவைத்தீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வாக்குமூலத்தில் ஒரு சொல் தவறு. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. நீங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், கோவைப் பேச்சு உங்கள் காதுக்குப் பழக்கமில்லை.

என் பெயர் மதன்குமார். வயது முப்பத்து மூன்று. கிணத்துக்கடவு பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே உள்ள திசு வளர்ப்பு ஆய்வகத்தில் முதுநிலை ஆய்வாளர். என் மனைவி லோகப்பிரியாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். நான் செடியைப் பெருக்குவேன். அவள் அதில் நோய் இருக்கிறதா என்று சோதிப்பாள். அதே ஆய்வகத்தின் டிரான்ஸ்பர் அறையில் அவள் இறந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினீர்கள்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காரணம் விளங்காது.

ஆர்க்கிட்டுக்கு ஒரு வைரஸ் நோய் உண்டு. இலையில் திட்டுத் திட்டாக வரும், பூ கோணலாக விரியும். மருந்து கிடையாது. பூந்தண்டை வெட்டும் கத்தியில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். அதனால் நோய் தொடாத ரகம் ஒன்று கிடைத்தால் அது பெரிய விஷயம். ஆய்வகத்தின் முதலாளி அரங்கசாமி மில் நடத்தியவர். என்னை வேலைக்கு எடுத்த அன்று அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

நோய் தொடாத செடியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நோயைக் கொடுத்துப் பார்ப்பது. நோயுள்ள இலையை அரைத்து, அந்தச் சாற்றை நல்ல இலையில் தேய்ப்போம். கெட்டுப்போவதை எறிந்துவிட்டு, நிற்பதை நறுக்கிப் புதுப் பாட்டில்களில் பெருக்குவோம். மறுபடியும் தேய்ப்போம். ஆறு வருடம் இதைச் செய்தேன். ஆயிரக்கணக்கில் எறிந்திருக்கிறேன். கை பழகிவிடும்.

ஒவ்வொரு தாய்ச்செடியின் துண்டுகளுக்கும் ஒரு வரிசை எண் கொடுப்போம். பதினான்காம் வரிசை நின்றது. எத்தனை முறை சாறு தேய்த்தாலும் இலையில் ஒரு புள்ளி வரவில்லை. எண்ணெய் தடவியது போன்ற பச்சை. அரங்கசாமி சந்தோஷப்பட்டார். விவசாயிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினோம். அந்த வருடம்தான் எனக்குச் சம்பளத்தோடு மரியாதையும் கூடியது.

வேலை தொடங்கிய மூன்றாவது வருடமே நான் அந்த வரிசையை ஒரு முறை சோதித்தேன். இலைச்சாற்றில் ஒரு சின்னப் பட்டையை முக்கிப் பார்ப்பது அந்தச் சோதனை. ஒரு கோடு வந்தால் நோய் இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. இரண்டு கோடு வந்தது. பட்டை பழையது என்று நினைத்து எறிந்துவிட்டேன். புதுப் பட்டையில் மறுபடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

லோகப்பிரியா பார்த்தாள்.

அது ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து ஒரு பட்டையை நீட்டினாள்.

"ஏனுங்க, ரெண்டு கோடு."

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க. எனக்கில்ல, உங்க பதினாலுக்கு."

பட்டை பழசாக இருக்கும் என்றேன்.

"நாப்பது பட்டையுமா பழசு? அந்தச் செடிக்கு நோய் வந்திருக்குதுங்க. வெளிய காட்டாம உள்ள வெச்சிருக்குது. தாங்கிக்கறது வேற, ஏத்துக்காம இருக்கறது வேற. இது தாங்கிக்குது. பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் குடுத்துப்போடும்."

"இலை எவ்வளவு சுத்தமா இருக்குது பாரு."

"அதுதானுங்க வம்பே. சுத்தமா இருக்கறதால எவனும் சந்தேகப்பட மாட்டான்."

அவள் சொன்னது சரி. பதினான்காம் வரிசை வாங்கியவர்கள் அதை மற்ற ஆர்க்கிட்டுகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். ஒரே கத்தியில் வெட்டுவார்கள்.

"பெருக்கறத நிறுத்திப்போடோணும். வெளிய போனதையும் திருப்பி வாங்கோணும்" என்றாள். "சனிக்கெழம வரைக்கும் எனக்கு வேல இருக்குது. அது முடிஞ்சதும் பெரியவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க சங்கடப்பட வேண்டாம்."

சனிக்கிழமை வரை என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். என்னிடம் எதையும் மறைப்பவள் அல்ல. அந்த மூன்று நாளும் வழக்கம்போல என் வண்டியில்தான் வந்தாள். வழக்கம்போல என் டப்பாவில் பொரியலைக் கூடுதலாக வைத்தாள். நான்தான் பேசவில்லை. ஆறு வருடத்தை எப்படி அழிப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தாய் பாட்டில்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றிலிருந்துதான் எல்லாச் செடியும் வருகிறது. அவற்றை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வைத்து வேகவிட்டால் பதினான்காம் வரிசை உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். இருபது நிமிட வேலை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை டிரான்ஸ்பர் அறைக்குப் புகை போடுவோம். பாட்டிலைத் திறந்து செடியை நறுக்கும் அறை அது. காற்றில் கிருமி இருக்கக் கூடாது. ஃபார்மலின் புகை, மூச்சுக்கு விஷம். இயந்திரம் வெளியே நிற்கும், குழாய் சுவர் வழியாக உள்ளே போகும். கதவைப் பூட்டி, இடுக்கில் டேப் ஒட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்புவோம். திங்கள் காலையில்தான் திறப்போம். சுவிட்சைப் போடும் முன் இன்டர்காமில் கூப்பிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த விதியை எழுதி ஒட்டியது நான்தான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பெண்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பாட்டில் கழுவும் பாப்பாயி மட்டும் தொட்டியருகே நின்றிருந்தார். நான் வளர்ப்பு அறைக்குப் போனேன். பதினான்காம் வரிசையின் அடுக்குகள் காலியாக இருந்தன. தள்ளுவண்டியையும் காணவில்லை. டிரான்ஸ்பர் அறையில் விளக்கு எரிந்தது. அந்த அறையிலிருந்து கழுவும் இடத்துக்குப் பாட்டில்களைக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான் ஆட்டோகிளேவ்.

அவள் சொன்ன சனிக்கிழமை இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்டர்காமை எடுத்தேன். அதன் ஸ்பீக்கர் சத்தம் கழுவும் இடம் வரை கேட்கும்.

"உள்ள யாரு?"

"நாந்தானுங்க."

"புகை போடோணும்."

அவள் பதில் சொன்னாள். அந்தப் பதிலைத்தான் நான் உங்களிடம் தவறாகச் சொன்னேன்.

உங்களிடம் நான் சொன்னது இது: அவள் 'வாரேனுங்க' என்றாள். சனிக்கிழமைகளில் அவள் நேராகப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். அதனால் கிளம்புகிறேன் என்கிறாள் என்று நினைத்தேன். வளர்ப்பு அறையில் கொஞ்சம் வேலை இருந்தது. திரும்பி வந்தபோது அவள் போயிருப்பாள் என்று நம்பிக் கதவைப் பூட்டினேன்.

நீங்கள் பாப்பாயியையும் விசாரித்தீர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மணி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டீர்கள்.

"வாரேன், இருங்கன்னாங்க" என்றார் பாப்பாயி.

"வாரேனுங்கன்னு சொல்லுச்சு. அதத்தான் இவரும் சொல்றாரு."

"இல்லீங்க. வாரேன், இருங்க."

"அதேதாம்மா. உங்க ஊர்ல நாய விரட்டுறதுக்குக்கூட ஒரு 'ங்க' போடுறீங்க. இதுல எத்தன 'ங்க'ன்னு நான் எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா?" என்று சிரித்தீர்கள். எழுதிக்கொண்டிருந்த காவலரும் சிரித்தார். இரண்டு வாக்குமூலத்திலும் ஒரே சொல் பதிவானது.

பாப்பாயி என்னைப் பார்த்தார். அவரைவிட நான் படித்தவன், அந்த ஊர்க்காரன். நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் திருத்தியிருப்பீர்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பாப்பாயி என்னிடம் 'ங்க' போடுவதில்லை. "ஆச்சு" என்பார். "தெரியாது" என்பார். இந்த ஊரில் அது எப்படி விழும் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரு நடுவில் செருப்பால் அடித்தது போல விழும். ஆய்வகத்தில் யாருக்கும் அது புரியவில்லை. வயதாகிவிட்டது, மரியாதை மறந்துவிட்டது என்று மற்ற பெண்கள் அவரைத்தான் திட்டினார்கள்.

சொல்லைத் திருத்துகிறேன். 'வாரேனுங்க' என்றால் கிளம்புகிறேன் என்று ஆகலாம். 'வாரேன், இருங்க' என்றால் உங்களிடம்தான் வருகிறேன், நான் வரும்வரை அங்கேயே நில்லுங்கள் என்பது மட்டும்தான். அவசரத்தில் பேசும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன எழுத்துதான் ஓடும். வெளியூர்க்காரர் காதில் விழாது. என் காதில் தெளிவாக விழுந்தது. அவள் குரலில் ஒரு அவசரம் இருந்ததும் விழுந்தது.

இருந்தேன். அவள் சொன்னபடி நான்கு நிமிடம் கதவுக்கு வெளியே நின்றேன். பாப்பாயி கையைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. தள்ளுவண்டியிலிருந்து இறக்குகிறாள். இன்னும் சிறிது நேரத்தில் அந்தச் சின்ன ஜன்னல் திறக்கும் என்று நினைத்தேன்.

அப்போது நான் யோசித்தது, பாட்டில்களின் மூடி இறுக்கமாக இருக்கும், புகை உள்ளே போகாது, செடிக்கு ஒன்றும் ஆகாது என்பது. இதைத்தான் முதலில் யோசித்தேன். வேறு எதையாவது யோசித்தேனா என்று இந்த இரண்டு வருடமாகத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

கதவைப் பூட்டினேன். ஜன்னலையும் இந்தப் பக்கம் கொக்கி போட்டேன். டேப் ஒட்டினேன். அவளுடைய கைப்பை வெளிக் கொக்கியில் தொங்கியது. அதில் அவளுடைய போனும் இன்ஹேலரும் இருந்தன. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. அந்த அறைக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பதும் என் விதி. பையை எடுத்து அவளுடைய லாக்கரில் வைத்தேன். பையைப் பார்க்கவே இல்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

சுவிட்சைப் போட்டேன்.

இன்டர்காம் அடித்தது. எடுக்கவில்லை. இரண்டாவது முறை நீளமாக அடித்தது. மூன்றாவது முறை பாதியில் நின்றுவிட்டது. கதவு கனமானது, ரப்பர் பட்டை வைத்தது. தட்டினால் வெளியே அதிகம் கேட்காது. அதிகம் என்றுதான் சொன்னேன்.

பிறகு கிணத்துக்கடவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். இலை போட்டவர், "என்னங் சார், இன்னைக்கு அம்மணி வரலீங்களா?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். இரண்டாம் முறை தயிர் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அவள் அம்மா கூப்பிட்டார். "கண்ணு இன்னும் வரலீங்களே மாப்ள, பஸ் ஏறிட்டாளுங்களா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் நான் அரங்கசாமிக்குப் போன் செய்தேன். அவர் வந்து சேர்ந்ததும் இருவருமாகக் கதவைத் திறந்தோம். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனேன். அவள் கதவை ஒட்டிக் கிடந்தாள். கதவின் உள்பக்கத்தில் நகக் கீறல்கள் இருந்ததை நீங்களும் படம் எடுத்தீர்கள்.

உங்கள் ஆட்கள் அறையைச் சோதித்தபோது, பாட்டில்களைத் தொட வேண்டாம், கெட்டுவிடும் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் தொடவில்லை. அந்த நிலையிலும் வேலையைப் பற்றி நினைக்கிறார் என்று உங்களில் ஒருவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை அறையை எங்களிடம் ஒப்படைத்தீர்கள். ஒரு நாள் வீட்டில் இருப்பா என்று அரங்கசாமி சொன்னார். நான் போனேன். பாட்டில்கள் என்ன ஆயின என்று பார்க்க வேண்டும்.

தள்ளுவண்டியில் இருநூற்று ஒன்று இருந்தன. ஒன்றுகூட உடையாமல், மூடி திறக்காமல், வரிசையாக இருந்தன. ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. மேஜைமேல் தனியாக ஒரு கம்பிக்கூடை. அதில் பதினொரு பாட்டில்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் பச்சை டேப் ஒட்டி, அவள் கையெழுத்தில் 'ஒத்தக் கோடு' என்று மூன்று தடவை எழுதியிருந்தது. பாட்டில்களுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது.

தாளைப் படித்தேன். ஐந்து மாத வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்களிலிருந்தும் ஒவ்வொரு செடியை எடுத்து, வெளியே வளர்த்து, தனித்தனியாகச் சோதித்திருக்கிறாள். எல்லாம் ஒரே தாயின் துண்டுகள்தான். ஆனால் திசு வளர்ப்பில் அபூர்வமாக ஒரு துண்டு தாயிடமிருந்து மாறிவிடும். பதினொன்று மாறியிருந்தன. அவற்றில் நோய் இல்லை. அவள் மூன்று முறை நோய்ச்சாற்றைத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். மூன்று முறையும் ஒரே கோடு. மூன்றாவது சோதனை சனிக்கிழமை காலையில் முடிந்திருந்தது. நோய்ச்சாறு பட்ட சோதனைச் செடிகளை வழக்கப்படி எரித்துவிட்டிருந்தாள். தாளின் கடைசியில், 'இது தாங்கல, ஏத்துக்கவே இல்ல. அவர்கிட்ட மொதல்ல சொல்லோணும்' என்று எழுதியிருந்தாள். அவர் என்றால் நான்.

நான் ஆறு வருடமாகத் தேடியது அந்தக் கூடையில் இருந்தது. அவள் பாட்டில்களை உள்ளே கொண்டுபோனது அழிக்க அல்ல, பிரித்தெடுக்க. குரலில் இருந்த அவசரத்துக்கு அப்போது வேறு பெயர் தெரிந்தது.

காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதும் அரங்கசாமி என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா மதன், உன்ற பதினாலுக்கு அம்மணி பேரையே வெச்சுப்போடலாம். சனங்க மனசுல நிக்கும்" என்றார். வைத்தார்கள். இரண்டு வருடமாக அந்தச் செடி என் மனைவியின் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கமும் சத்தியமங்கலம் பக்கமும் போயிருக்கிறது. விவசாயிகள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பின்வரிசையில் ஒரு அம்மாள் அழுததைப் பார்த்தேன்.

போன வாரம் மயில்சாமி என்ற விவசாயி ஆய்வகத்துக்கு வந்தார். ஒரு சாக்கை என் மேஜைமேல் கொட்டினார். எல்லாம் இலைகள், திட்டுத் திட்டாக.

"எட்டு வருசமா வெச்சிருந்ததுங் சார். பாலிஹவுஸ் மொத்தமும் போச்சு. ஏன்னே தெரியல. கத்தியக்கூட மாத்திப் பாத்தேன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கூட்டம்மணி பேரு வெச்சது மட்டும் கல்லாட்ட நிக்குதுங்க. அது சாமி. மத்ததையெல்லாம் புடுங்கிப்போட்டு அதையே வெச்சுக்கறேன். இன்னும் பத்தாயிரம் வேணுங்க."

சரிங்க, தருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாப்பாயி பாட்டில் கூடையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அன்று மாலை இதை எழுதத் தொடங்கினேன்.

அந்தச் செடிகளைத் திருப்பி வாங்கச் சொல்லுங்கள். யார் யாரிடம் போனது என்ற பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். மயில்சாமிக்குப் புதுச்செடி கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பதிலுக்கு நல்ல செடி எது என்று அவர் உங்களைக் கேட்பார். அந்தப் பதினொன்றைக் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பதினொன்றை வெளியே கொண்டுவந்திருந்தால், முன்பு கொடுத்ததெல்லாம் நோய்ச்செடி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதை முதலில் கண்டுபிடித்தது யார், சனிக்கிழமை மதியம் அவள் அந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தாள், அது எனக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை நான் அப்படி யோசித்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது ஆய்வக விதி. புகை போட்ட அறையில் இருந்த பாட்டில்களை அழித்துவிட வேண்டும். பச்சை டேப்புகளை உரித்தேன். கூடையை அப்படியே ஆட்டோகிளேவில் வைத்தேன். நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம். நான் விதிப்படிதான் செய்தேன்.

மற்ற இருநூற்று ஒரு பாட்டில்களும் அதே அறையில்தான் இருந்தன. அவற்றைத் துணியால் துடைத்து, மறுபடியும் அடுக்கில் வைத்தேன்.